ஒரு சாண் இடைவெளி

மருமகள் முதல் கிளிப்பைக் கொடியில் மாட்டிவிட்டு, கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து ஒரு சாண் அளப்பாள். அங்கே அடுத்த கிளிப். மறுபடி ஒரு சாண். கைக்குட்டை அளவே இருக்கும் சட்டைகள், இரண்டு விரலுக்குப் போடலாம் போன்ற காலுறைகள், எல்லாம் ஏதோ பெரிய மனிதர் வரப்போகிறார் என்பதுபோல வரிசையில் நிற்கும்.

"அம்மாடி, துணி காயறதுக்கு அளவு எதுக்கு?" என்பார் மாமனார், பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனிக் கதவில் சாய்ந்தபடி.

"சும்மாதான் மாமா. கண்ணுக்கு நல்லா இருக்குல்ல?"

உள்ளேயிருந்து அவர் மகன், அவள் கணவன், குரல் கொடுப்பான். அவன் லிஃப்ட் மெக்கானிக். "ஏ ஸ்கேலு! அளந்து முடிச்சாச்சா? எனக்கு நேரமாச்சு!"

"உங்க லிஃப்ட் தரைக்கு அரை இஞ்ச் மேல நின்னா சும்மா விட்டுடுவீங்களா? போங்க, போங்க!"

வீட்டில் அவளுக்கு ஸ்கேல் என்றே பேர். மாமியார் தையல் கடை நடத்துகிறவர். அவருக்கு மட்டும் இதில் பெருமை. "என் கடையில உக்காந்திருந்தா இந்நேரம் நாலு கடை ஆக்கியிருப்பா" என்று சொல்லிவிட்டு, சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஹாலில் ஒரே பலகையில் ஆறு சுவிட்ச். மாமனார் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவர். உள்ளங்கையை வைத்து ஒரே அமுக்கு. ஆறும் போய்விடும், அல்லது ஆறும் வந்துவிடும். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை. டக். ஒரு மூச்சு. டக். ஒரு மூச்சு.

"ஒவ்வொண்ணா மாமா, ஒவ்வொண்ணா. எல்லாத்தையும் ஒரேடியா எழுப்பினா பாவம்."

"சுவிட்சுக்கு என்னம்மா பாவம்?"

"என் வேலையில அதுதான் பெரிய பாவம்."

அவள் வேலை என்னவென்று அவருக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அதை நம்பி மூன்றாம் மாடிக்காரர் உயிர்போன லேப்டாப்பையும், எதிர்வீட்டு அம்மா உடைந்த போனையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் கையைப் பிசைந்துகொண்டு, "இதெல்லாம் எனக்குத் தெரியாதுங்களே" என்றாள். வந்தவர்கள் மாமனாரைத்தான் முறைத்தார்கள்.

அன்றைக்குத்தான் அவரை உட்கார வைத்துச் சொன்னாள்.

"மாமா, உங்க பஸ்ல அம்பது பேர் உக்காந்திருக்காங்க. ஸ்டாப் வருது. அம்பது பேரும் ஒரே நேரத்துல தடதடன்னு எழுந்தா?"

"வண்டி ஒரு ஆட்டம் ஆடும்."

"அதேதான். ஒரு நகம் அளவு சிப். அதுக்குள்ள ஆயிரக்கணக்கா சுவிட்ச். எல்லாம் ஒரே நொடியில மாறினா, அத்தனை மின்சாரமும் ஒரே சமயத்துல ஓடும். அது திரும்பிப் போற தரைக் கம்பியே ஒரு துள்ளு துள்ளும். பக்கத்துல மெல்லிசா ஏதாவது கேட்டுட்டிருக்கிற பகுதி இருந்தா, அதுக்கு அந்தத் துள்ளலும் சத்தமா கேட்டுடும். அம்பது பேரையும் எழுப்பணும், வண்டியும் குலுங்கக் கூடாது, பஸ்ஸும் லேட் ஆகக் கூடாது. அதுதான் என் வேலை."

மாமனார் வாயைப் பிளந்தார். "இதைக் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா! ஒரே தொழில்காரங்கதான் நாம!"

அன்று முதல் யார் கேட்டாலும், "என் மருமக ஆளுங்களை அலுங்காம எழுப்பறா" என்றே சொன்னார். கேட்டவர்கள் குழம்பினார்கள். லேப்டாப் வருவது நின்றது.

அவளிடம் இன்னொரு விநோதமும் உண்டு. சாப்பாட்டு மேசையில் சமையலறைக்குப் பக்கத்து நாற்காலி மாமனாருக்கு இடப்புறம். தட்டோடு வருகிறவள் அப்படியே அதில் உட்கார்ந்துவிடலாம். மாட்டாள். மேசையை முழுக்கச் சுற்றி வந்து வலப்புறம்தான் உட்காருவாள்.

"இந்தப் பக்கமே உக்காரலாமேம்மா."

"அதுதான் மாமா என் சீட்டு."

சரி, ஸ்கேல் புத்தி என்று அவர் விட்டுவிட்டார். பஸ்ஸிலும் அப்படிச் சிலரைப் பார்த்திருக்கிறார். மூன்றாவது வரிசை ஜன்னல் இல்லையென்றால் கடைசிவரை நின்றே வருவார்கள்.

அவரிடமும் ஒன்று இருந்தது, வெளியே சொல்லாதது. முப்பத்தோரு வருஷம் இன்ஜின் அவருடைய இடது முழங்கைக்குப் பக்கத்தில் உறுமியது. ஓய்வு பெற்ற வருஷம் அந்தப் பக்கத்துக் காது அடியோடு போய்விட்டது. வலது காது பழுதில்லை. அடுத்த அறையில் குழந்தை கொட்டாவி விட்டால்கூடக் கேட்கும். ஆனாலும் சொல்லவில்லை. மருமகள் வேலைக்குத் திரும்பியதிலிருந்து காலை ஒன்பதிலிருந்து மாலை நாலுவரை குழந்தை அவர் பொறுப்பு. பேத்தியை அவர் கூப்பிடுவது 'பேசஞ்சர்' என்று. காது போனவன் என்று தெரிந்தால் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுவிடுவார்களோ என்ற பயம்.

மனைவிக்கு அவர்மேல் வேறு புகார். "ஊர்ல யார் கூப்பிட்டாலும் திரும்புவீங்க. நான் கூப்பிட்டா மட்டும் காது அடைச்சுக்குமே!" ஹால் சோபாவில் மனைவி உட்காருவது எப்போதும் அவருக்கு இடப்புறம். அலட்சியக்காரன் என்ற பேர் தேவலை என்று அவர் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

அந்த வீட்டில் காது என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் ஒரு கணம் நிறுத்துவார்கள். காரணம் குழந்தை பிறந்த இரண்டாம் நாள். நர்ஸ் ஒரு சின்னக் கருவியோடு வந்து, மெத்தென்ற ஒரு குமிழைக் குழந்தையின் காதில் வைத்தார். வலது காது, இடது காது. மறுபடி வலது. "பதில் வரலைங்க. பதினஞ்சு நாள் கழிச்சு இன்னொரு தடவை பாக்கலாம். காதுல தண்ணி இருந்தாலும் இப்படிக் காட்டும். பயப்படாதீங்க" என்றார். பயப்படாதீங்க என்று சொன்ன பிறகுதான் பயமே ஆரம்பித்தது.

பதினைந்து நாளும் மாமனார் கரண்டியைக் கீழே போட்டார், கை தட்டினார், பஸ் ஹாரன்போலக் கத்தினார். குழந்தை திடுக்கிட்டால், கேட்டதா, காற்றுப் பட்டதா என்று பட்டிமன்றம். பதினைந்தாம் நாள் இரண்டு காதும் பதில் சொல்லிவிட்டன. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒரு ஹாரன் அடித்தார் மாமனார். நர்ஸ் ஓடிவந்து திட்டினார். அந்தத் திட்டும் இனித்தது.

அந்த மாதிரிக் கருவிக்குத்தான் மருமகளின் சிப். பிரசவத்துக்கு முன்பே வரைந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "காதுக்குள்ள சின்னதா ஒரு சத்தம் போடுவோம் மாமா. ஆரோக்கியமான காதுன்னா, அது உள்ளேருந்து பொடிசா ஒரு சத்தத்தைத் திருப்பி அனுப்பும். அதைக் கேக்கறதுதான் எங்க சிப்."

"காது பேசுமா?"

"பேசும். ரொம்ப மெதுவா."

முதல் சிப் தயாராகி வந்த அன்று பேத்தி முதல்முதலாகக் குப்புற விழுந்தாள். மாமனார் போனில் கூவினார். "அம்மாடி! பேசஞ்சர் கவுந்துட்டா!" மறுமுனையில், "சரிங்க மாமா" என்று மட்டும் வந்தது. அந்தக் குரலில் டயர் பஞ்சராகியிருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலம் அவளே சொன்னாள். பரிசோதனைக்கு இரும்பில் சுண்டுவிரல் அளவு ஒரு குழாய் இருக்கிறது. அதில் குமிழை வைத்தால் கருவி 'பதில் இல்லை' என்றுதான் காட்ட வேண்டும். பத்துத் தடவை வைத்தார்கள். ஒரு தடவை 'நன்றாகக் கேட்கிறது' என்று காட்டிவிட்டது.

மாமனார் சிரித்துவிட்டார். "இரும்புக்குக் காது கேக்குதாமா!"

"ஆபீஸ்லயும் அப்படித்தான் சிரிச்சாங்க. 'இரும்புக்கே காது குடுத்த தாயே'ன்னு ஒருத்தன் கால்ல விழ வந்துட்டான்." அவளும் சிரித்தாள். பிறகு குழந்தையின் காது மடலைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இரும்புன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம் மாமா. அங்க நெஜமாவே காது கேக்காத ஒரு குழந்தை படுத்திருந்தா? 'எல்லாம் சரியா இருக்கு, கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லிடும். அவங்களும் நம்பிப் போயிடுவாங்க. ரெண்டு மூணு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

மாமனார் பேத்தியின் இன்னொரு காதைத் தொட்டுப் பார்த்தார்.

தப்பு எங்கே என்று மூன்று நாள் தேடினாள். குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது. கொடியில் கிளிப்புகள் மட்டும் சாண் மாறாமல் நின்றன. நாலாம் நாள் வீட்டிலிருந்தே வேலை. திரையில் சீப்புப் பல் மாதிரி கோடுகள். அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "ஐயோ, நான்தானா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

முப்பத்திரண்டு பெரிய சுவிட்சுகள். ஒரேடியாக எழுப்பக் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுப்பியிருந்தாள். அதுவரை சரி. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அச்சு அசலாக ஒரே இடைவெளி விட்டிருந்தாள். கொடியில் விடுகிற மாதிரி.

"துள்ளல் போச்சு மாமா. ஆனா டிக் டிக் டிக்னு சமமா விழுந்து விழுந்து, அதுவே மெல்லிசா ஒரு விசில் ஆயிடுச்சு. காது பதில் சொல்ற சத்தம் எங்க இருக்குமோ, சரியா அங்க போய் இந்த விசில் உக்காந்திருக்கு."

மாமனார் யோசித்தார். "கான்கிரீட் ரோட்டுல இணைப்பு இணைப்பா வருமே, அதுமாதிரியா? ஒரு வேகத்துல போனா டக்கு டக்குனு சமமா விழும். ஜன்னல் கண்ணாடி எல்லாம் சேர்ந்து பாட ஆரம்பிச்சிடும்."

"அதே பாட்டுதான் மாமா!" என்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

சற்று நேரத்தில் மேனேஜர் போனில் வந்தார். மடியில் குழந்தை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"இங்க பாரும்மா, கருவிக்கு மின்சாரம் குடுக்கிற பெட்டியில ஏதோ கோளாறுன்னு எழுதிடலாம். சத்தத்தைச் சராசரி பாத்தா வரம்புக்குள்ளதான் இருக்கு."

மாமனார் மருமகளைப் பார்த்தார். பெட்டி செய்தது வேறு ஆட்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழந்தை பெற்று வந்த பிறகு இவளுக்கு மூளை மழுங்கிவிட்டது என்று எவனும் பேச முடியாது.

"பெட்டி மேல தப்பு இல்லை சார். தப்பு என்னோடது. இடைவெளியைச் சமமா வெச்சுட்டேன்."

குழந்தை "பூ" என்று எச்சில் ஊதியது.

"சிப்புல மேல ஒரு அடுக்குல கம்பியை மட்டும் மாத்தி வரைஞ்சா போதுமா?" என்றார் மேனேஜர்.

"போதும் சார். சிப் திரும்பி வர எட்டு வாரம் ஆகும்."

"ஒரு தடவைதான் கேட்டு வாங்க முடியும். இதுவும் ஊத்திக்கிச்சுன்னா இந்த வேலையையே இழுத்து மூடிடுவாங்க. உன் பேர்லதான் போடுவேன், பரவாயில்லையா?"

"போடுங்க சார்."

இடைவெளிகளைக் கோணல்மாணலாக்க வேண்டும். அவளால் அது முடியவில்லை. தன் கையால் எழுதிய பட்டியலில் எங்கேயாவது ஒரு ஒழுங்கு வந்து ஒளிந்துகொண்டது. கடைசியில் கம்ப்யூட்டரையே ஆயிரக்கணக்கில் பட்டியல் போடச் சொல்லி, விசில் வராத ஒன்றைப் பொறுக்கினாள். அதை அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஏழு, இரண்டு, ஒன்பது, ஒன்பது, நாலு என்று அது தாறுமாறாகப் போயிற்று.

"எதுக்கும்மா இங்க ஒட்டியிருக்க?"

"பழகிக்கத்தான் மாமா. பாக்கறப்பல்லாம் கை துறுதுறுங்குது, நேர் பண்ணுன்னு."

மகன் ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம், "வீட்டுல இது ஒண்ணாவது என்னை மாதிரி இருக்கு" என்பான்.

எட்டு வாரத்தில் பேத்திக்கு இரண்டு பல் வந்தது. சிப்பும் வந்தது.

பரிசோதனை அன்று மாமியார் கடையில், மகன் லிஃப்டில். குழந்தையோடு மாமனாரே ஆபீசுக்குப் போனார். சாம்பல் நிற ரப்பர் விரிப்புப் போட்ட நீள மேசை. அதில் தீப்பெட்டியளவு பலகை, அதன் நடுவே நகம் அளவு சிப். ஓரத்தில் இரும்புக் குழாய். உடம்பு மின்சாரம் சிப்பில் பாயாமலிருக்க மருமகள் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு, குமிழைக் குழாயில் வைத்தாள். 'பதில் இல்லை.' மறுபடி. 'பதில் இல்லை.' நூறு தடவை. நூறும் 'பதில் இல்லை.'

"இரும்பு செவிடாயிடுச்சு!" என்று அன்றைக்குக் காலில் விழ வந்தவன் கத்தினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

மேனேஜர் கை தட்டவில்லை. அவர் ஒல்லியான, முழங்கைவரை சட்டையை மடித்த மனிதர். "இல்லைன்னு மட்டும் சொல்லத் தெரிஞ்சா போதுமா? கேக்கற காதை 'கேக்குது'ன்னும் சொல்லணும். காதைக் குடுங்க எல்லாரும்."

ஏழு பேர் உட்கார்ந்தார்கள். பதினாலு காதும் பதில் சொல்லின. எல்லாம் இளம் காதுகள். மேனேஜரின் கண் மாமனாரிடம் வந்து நின்றது.

"பெரியவரே, நீங்களும் வாங்க. வயசான காதும் ஒண்ணு பாத்துடலாம்."

"எனக்கெதுக்குங்க… குழந்தை அழும்…"

"குடுங்க மாமா, நான் வெச்சுக்கறேன்" என்று மருமகள் பேசஞ்சரை வாங்கிக்கொண்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தார். டிரைவர் சீட்டில் முதல்நாள் உட்கார்ந்தபோதுகூட இப்படி வியர்த்ததில்லை. வலது காது. குமிழுக்குள் கீச் கீச்சென்று சின்னச் சத்தம். 'நன்றாகக் கேட்கிறது.'

"சபாஷ்! எங்க, அந்தக் காது?"

இடது காது. 'பதில் இல்லை.' பையன்களில் ஒருவன் குமிழை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். 'பதில் இல்லை.' மூன்றாம் தடவையும் அதேதான்.

மேனேஜரின் முகம் சுருங்கியது. "என்னம்மா இது? நல்லா இருக்கற மனுஷனை இல்லைங்குது. ஒரு பக்கம் சரி பண்ணி இன்னொரு பக்கம் கெடுத்துட்டியா?"

மருமகள் வாயைத் திறக்கவில்லை. இடப்புறம் குழந்தையோடு நின்றாள். மாமனார் அவளைப் பார்க்கவில்லை, இரும்புக் குழாயைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் காது போனது யாருக்கும் தெரியாது. காலை ஒன்பது மணி தன் கையிலேயே இருக்கும். ஆனால் சிப் பொய் சொல்கிறது என்று எழுதுவார்கள், அதுவும் இவள் பேரில்.

"தம்பி," என்றார். அவசரத்தில் மேனேஜரைத்தான் அப்படிக் கூப்பிட்டார். "மிஷினைத் திட்டாதீங்க. அது சரியாத்தான் சொல்லுது. அந்தக் காது போயி நாலு வருஷம் ஆச்சு. இன்ஜின் பக்கத்துக் காது. வீட்டுல யாருக்கும் தெரியாது."

மேனேஜர் சும்மா நம்பிவிடுகிற ஆள் இல்லை. அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரிக் கருவி ஒன்றை எடுத்துவந்து, அதே காதில் தானே வைத்துப் பார்த்தார். அதுவும் 'பதில் இல்லை' என்றது. வலது காதில் வைத்தார். 'நன்றாகக் கேட்கிறது.' இரண்டு கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, முதல்முறையாகச் சிரித்தார்.

"பெரியவரே! இந்த ஆபீஸ்லயே உருப்படியான காது உங்களோடதுதான்! ஒண்ணு ஆமாங்குது, ஒண்ணு இல்லைங்குது. இதைவிட வேற என்ன பரீட்சை வேணும்? அனுப்பிடலாம்மா, அனுப்பிடலாம்!"

மறுபடி கைதட்டல். யாரோ டீ சொல்லப் போனார்கள். மாமனார் மட்டும் எழுந்திருக்கவில்லை. இனி காப்பகமா, அல்லது ஆள் வைப்பார்களா என்று அவர் மனம் ஓடியது. தலையைக் குனிந்துகொண்டு, "அந்தக் காது இல்லாட்டியும் இந்தக் காது நல்லா கேக்கும்மா…" என்று இழுத்தார்.

இடப்புறம் நின்றிருந்த மருமகள் சாப்பாட்டு மேசையைத் தினமும் சுற்றிவருகிற அதே நடையில், நாற்காலியின் பின்பக்கமாகச் சுற்றி அவருடைய வலப்புறம் வந்தாள். பேசஞ்சரை அவர் வலது தோளில் சாய்த்து வைத்துவிட்டுக் குனிந்து, "நாளைக்கும் ஒன்பது மணிதானே மாமா?" என்றாள்.